எனக்குப் பிடிச்ச நியூஸ்லெட்டர்கள், அதெல்லாம் ஏன் எனக்கே எழுதின மாதிரி இருக்கு

கேள்வி இதுதான்: எந்தெந்த இமெயில் நியூஸ்லெட்டர் விடாம படிக்கறீங்க, ஆயிரக்கணக்கான பேருக்குப் போற ஒரு மெயில் எப்படி நமக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. இதுக்கு பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கு, கொஞ்சம் வெக்கப்பட வேண்டிய தகுதி. 9 வருஷம், ஒரே தடவையில ஆயிரக்கணக்கான பேருக்கு மெயில் அனுப்பற வேலைதான் பாத்தேன். "உங்களுக்காக மட்டும்!"னு உங்க பேரைப் போட்டு ஒண்ணு வந்து, நீங்க திறக்காமலே டெலீட் பண்ணுவீங்கல்ல, அதை எங்கயோ என்னை மாதிரி ஒருத்தன் உக்காந்துதான் அனுப்பியிருப்பான்.

ஒரு தீபாவளிக்கு ஆஃபர் மெயில் போட்டோம். எக்செல் ஷீட்டுல ஒரு நெடுவரிசை நகர்ந்து போய், பேர் இருக்க வேண்டிய இடத்துல பின்கோடு வந்து உக்காந்துடுச்சு. டெஸ்ட் மெயிலுக்கு தனி லிஸ்ட் வெச்சிருந்ததால எங்க டீம்ல எல்லாருக்கும் பேர் சரியாவே வந்துச்சு, யாரும் கவனிக்கலை, பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டோம். திரும்பி வந்து பாத்தா 40,000 பேருக்கு "அன்புள்ள 641012, உங்களை நாங்கள் மறக்கவில்லை"ன்னு போயிருக்கு. அனுப்பின முகவரி வழக்கம்போல நோ-ரிப்ளை, அதுக்கு பதில் போட முடியாது. ஆனா ஒரு கோயம்புத்தூர்க்காரர் மெனக்கெட்டு எங்க கஸ்டமர் கேர் முகவரியைத் தேடிப் பிடிச்சு எழுதியிருந்தாரு: "நானும் உங்களை மறக்கவில்லை. இப்படிக்கு, 641012." மேனேஜர் என்னைத் திட்டிட்டு இருந்தாரு, நான் அதைப் படிச்சு சிரிப்பை அடக்கிட்டு நின்னேன். அன்னிக்கு அத்தனை மெயில் போச்சு வந்துச்சு, ஒரு மனுஷன் எழுதினதுன்னு தோணினது அந்த ஒண்ணுதான்.

அதனால பேர் போட்டு கூப்பிடறதுதான் பர்சனல்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். எனக்குப் பிடிச்ச நியூஸ்லெட்டர் எதுலயும் என் பேரே வராது, அந்த எழுத்தாளர்களுக்கு நான் ஒருத்தன் இருக்கேன்னே தெரியாது.

எங்க தாத்தா இன்லேண்ட் லெட்டர் எழுதுவாரு. மேல ஊரு, தேதி, அப்புறம் "இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல். இப்பவும்"னு ஆரம்பிச்சு, மணியார்டர் வந்து சேந்தது, யாருக்கோ நிச்சயம் பண்ணினது எல்லாம் நடுப்பக்கத்துல வரிசையா இருக்கும். அதெல்லாம் முடிஞ்சு இடம் தீந்தப்புறம், பசை தடவி ஒட்டற அந்த குட்டி மடிப்பு இருக்குமே, அதுல பொடி எழுத்துல "செவலை கன்னு போட்டிருக்கு, கிடேரி"ன்னு ஒரு வரி. பிரிக்கும்போது அந்த வரி எப்பவும் பாதியில கிழியும், அம்மா ரெண்டு துண்டையும் சேத்து வெச்சுப் படிப்பாங்க. நடுப்பக்கத்துல இருந்ததை எந்த மகளுக்கு வேணா எழுதியிருக்கலாம், மடிப்புல இருந்தது அம்மாவுக்குத்தான், ஏன்னா அந்த செவலையை வளத்தது அவங்க. நான் ஒரு நியூஸ்லெட்டர் புதுசா வந்தா ரெண்டு மூணு வாரம் பாப்பேன், அதுல மடிப்பு இருக்கா இல்லையான்னு. இல்லைன்னா எவ்வளவு நல்ல தகவல் இருந்தாலும் அது எனக்கு செய்தித்தாள்தான்.

மடிப்பு நிறைய இருக்கற ஆள்னா மேட் லெவின். ப்ளூம்பெர்க்னு அமெரிக்க நிதிச் செய்தி நிறுவனம், அதுல மனி ஸ்டஃப்னு எழுதறாரு, வாரத்துல பெரும்பாலான வேலை நாள்ல வரும், மெயில்ல இலவசம். விஷயம் என்னமோ வால் ஸ்ட்ரீட்டுங்கற அமெரிக்கப் பங்குச் சந்தை உலகம், பாண்டு, கம்பெனி கம்பெனியை வாங்கறது, கோர்ட் கேஸ், இதுல பர்சனலா என்ன இருக்கப் போகுதுன்னு தோணும். மனுஷன் ஸ்கூல்ல லத்தீன் வாத்தியாரா இருந்து, வக்கீலா இருந்து, கோல்ட்மேன் சாக்ஸ்ல பேங்கரா இருந்து, அப்புறம் எழுத வந்தவரு. அந்த வாத்தியார் புத்தி போகலை. ஒரு சிக்கலான டீலை ரெண்டு பேர் பேசிக்கற மாதிரி நாடகம் போட்டுக் காட்டுவாரு, இவன் இப்படிக் கேட்டான், அவன் அப்படிச் சொன்னான், கடைசியில நமக்கே அடடா இவ்வளவுதானான்னு ஆயிடும்.

அவரு வருஷக்கணக்கா ஓட்டிட்டு இருக்கற ஒரு ஜோக் இருக்கு, எல்லாமே செக்யூரிட்டீஸ் ஃப்ராடுன்னு, ஷேர் வாங்கினவங்களை ஏமாத்தற மோசடின்னு அர்த்தம். அதாவது ஒரு கம்பெனி ஏதோ தப்பு பண்ணுது, கஸ்டமர் டேட்டாவை கோட்டை விட்டுது, இல்ல பெரிய அதிகாரி ஒருத்தர் ஆபீஸ்ல கேவலமா நடந்துக்கிட்டாரு, எதுவா வேணா இருக்கட்டும். விஷயம் வெளிய வருது, ஷேர் விலை விழுது, உடனே ஷேர் வெச்சிருக்கறவங்க "இதை ஏன் முன்னாடியே எங்ககிட்ட சொல்லலை, சொல்லாம ஏமாத்திட்டீங்க"ன்னு கேஸ் போடறாங்க. ஆக அமெரிக்காவுல எந்த தப்பு யாருக்குப் பண்ணினாலும் கடைசியில அது ஷேர்ஹோல்டருக்குப் பண்ணின தப்பா மாறிடுது. இதை முதல் தடவை படிக்கும்போது ஒரு நல்ல கட்டுரை, அவ்வளவுதான். பத்தாவது தடவை புதுசா ஒரு கேஸ் வந்து, அவரு ஒண்ணுமே விளக்காம லேசா அதைத் தொட்டுட்டுப் போவாரு பாருங்க, அங்கதான் நமக்கு ஒரு சிரிப்பு வரும், பழைய ஃப்ரெண்டு ஒருத்தன் பாதி வாக்கியத்துல நிறுத்தினாலும் மீதி நமக்குப் புரியுமே, அந்த சிரிப்பு. 2022 அக்டோபர்ல ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் ஒரு முழு இதழையே கிரிப்டோ பத்தி இவர்கிட்ட எழுத விட்டாங்க, 40,000 வார்த்தை பக்கம். நல்லாதான் இருந்துச்சு, ஆனா அதுல இந்த சிரிப்பு கம்மி, அது எல்லாருக்கும் எழுதினது.

அவரோட மடிப்பு எங்க இருக்குன்னா அடிக்குறிப்புல. வீட்டு விஷயம், சும்மா ஒரு கிண்டல், வாசகர் ஒருத்தர் மெயில்ல திருத்தின தப்பு, எல்லாம் அங்கதான். இதுல ஒரு கொடுமை என்னன்னா ஜிமெயில் 102 கேபிக்கு மேல இருக்கற மெயிலை வெட்டிடும், முழுசா பாக்கணும்னா கீழ ஒரு லிங்க்கை அமுக்கணும். அடிக்குறிப்பு கடைசியில இருக்கறதால நீளமான நாள்ல வெட்டுப்படறதும் அதுதான். தாத்தா லெட்டர் கிழிஞ்ச அதே இடம்.

அடுத்தது கிரெய்க் மாட். அமெரிக்காக்காரர், 20 வருஷத்துக்கு மேல ஜப்பான்ல இருக்காரு, அவரு வேலை என்னன்னு கேட்டா நடக்கறதுன்னு சொல்லலாம். ரிட்ஜ்லைன்னு ஒண்ணு நடக்கறது பத்தி, ரோடன்னு ஒண்ணு புத்தகம், ஃபோட்டோ, டெக்னாலஜி எல்லாம் கலந்து. எனக்குப் பிடிச்சது இந்த ரெண்டும் இல்ல, நடுநடுவுல அவரு போடற பாப்-அப் நியூஸ்லெட்டர்கள். ஒரு நடைப்பயணத்துக்கு மட்டும் ஒரு நியூஸ்லெட்டர். இத்தனாம் தேதி ஆரம்பிக்கும், இத்தனாம் தேதி முடியும், முடிஞ்சதும் அந்த லிஸ்ட்டையே அழிச்சுடுவேன்னு முன்னாடியே சொல்லிடுவாரு. மெயில் அனுப்பற தொழில்ல இருந்தவனுக்கு இதைக் கேட்டா நெஞ்சு வலி வரும். நாங்க ஒரு முகவரிக்காக என்னென்ன தில்லாலங்கடி பண்ணியிருக்கோம், கூப்பன், லக்கி டிரா, இவரு என்னடான்னா இருக்கற லிஸ்ட்டை அழிக்கறாராம்.

இந்த பழக்கத்துக்கு முன்னோட்டம் 2019ல. டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவுல நாக்காசெண்டோன்னு ஒரு பழைய மலைப்பாதை, 69 தங்கல் ஊர் உள்ள பாதை, அதுல நடந்தாரு. தினம் ஒரு ஃபோட்டோ, ஒரு சின்ன குறிப்பு, எஸ்எம்எஸ்ஸா அனுப்புவாரு. படிக்கறவங்க பதில் அனுப்பலாம், ஆனா நடந்து முடிக்கற வரைக்கும் அவரு அதைப் பாக்க முடியாத மாதிரி செட் பண்ணியிருந்தாரு, பதில் எல்லாம் சேந்து புத்தகமா அச்சாகி கடைசியில அவரு கைக்கு வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, அனுப்பின உடனே ரெண்டு நீல டிக் வந்துச்சான்னு பாக்கற காலத்துல, பதிலுக்காக வாரக்கணக்குல காத்திருக்கற ஏற்பாட்டை ஒருத்தர் தனக்குத் தானே பண்ணிக்கறாரு.

அந்தப் பாதையில பழைய காபிக் கடைங்க இருக்கும், கிஸ்ஸாதென்னு சொல்வாங்க, வயசான அம்மாவோ ஐயாவோ தனியா நடத்தறது. அங்க பீட்ஸா டோஸ்ட்டுன்னு ஒரு ஐட்டம், தடியான வெள்ளை பிரெட்டுல தக்காளி சாஸ் தடவி சீஸ் போட்டு சுட்டது, நம்ம டீக்கடை பன் பட்டர் ஜாம் மாதிரி யாரும் பெருசா எழுத மாட்டாங்க. இவரு கடை கடையா அதைச் சாப்பிட்டு, பிரெட் எவ்வளவு தடிமன், கல்லாவுல இருந்த அம்மா என்ன சொன்னாங்க, பக்கத்து டேபிள் கிழவர் எந்த சிகரெட் பிடிச்சாருன்னு எழுதுவாரு. 2021 கடைசியில பெரிய சிட்டியும் இல்லாத கிராமமும் இல்லாத 10 நடுத்தர ஊரா நடந்து ஒரு பாப்-அப் போட்டாரு. அதுல ஒண்ணு வடக்குல இருக்கற மோரியோக்கா. பின்னாடி நியூயார்க் டைம்ஸ் 2023ல போக வேண்டிய 52 இடம்னு லிஸ்ட் போட்டப்ப, இவரு சிபாரிசுல மோரியோக்கா ரெண்டாவது இடத்துல வந்துச்சு, முதல் இடம் லண்டன். லண்டனுக்கு அடுத்து நம்ம ஊரான்னு அந்த ஊர்க்காரங்களே மலைச்சுப் போனாங்க.

இது ஏன் எனக்கு எழுதின மாதிரி இருக்குன்னு நிறைய யோசிச்சிருக்கேன். கால் வலியோட ராத்திரி ஒரு லாட்ஜ்ல உக்காந்து தூக்கத்துக்கு முன்னாடி எழுதறது எழுத்துல தெரியும். சில நாள் நல்லா இருக்காது. ஒரே விஷயத்தை ரெண்டு நாள் சொல்லுவாரு. வீட்டை விட்டுப் போன ஒருத்தர் போய்ச் சேந்துட்டேன்னு தகவல் அனுப்பற மாதிரி அது, அப்படி தகவல் வர்றதே நமக்கு வேண்டியவங்ககிட்ட இருந்துதானே.

நிக் கேவ் கதை வேற. ஆஸ்திரேலியப் பாடகர். ஒப்புக்கிடறேன், அவரு பாட்டு எனக்கு ரெண்டு மூணுக்கு மேல ஒட்டலை. ஆனா 2018 செப்டம்பர்ல இருந்து தி ரெட் ஹேண்ட் ஃபைல்ஸ்னு ஒண்ணு நடத்தறாரு, அதை ஒண்ணுகூட விட்டதில்லை. யார் வேணா என்ன வேணா கேக்கலாம், நடுவுல ஆள் கிடையாது, இது உனக்கும் எனக்கும் மட்டும்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாரு. வர்ற கேள்வியெல்லாம் அவரே படிக்கறாரு, ஒண்ணு ரெண்டை எடுத்து கடிதமா பதில் எழுதறாரு, விளம்பரம் இல்லை, கமெண்ட் இல்லை, கீழ அன்புடன் நிக்.

2015ல அவரோட 15 வயசுப் பையன் மலை விளிம்புல இருந்து விழுந்து இறந்துட்டான். ஆரம்பத்துல வந்த கடிதங்கள்ல ஒண்ணு, அப்பா, சகோதரி, முதல் காதலன்னு வரிசையா பறிகொடுத்த ஒரு பெண் கேக்கறாங்க: எனக்கு அவங்க கனவுல வந்து பேசற மாதிரி இருக்கு, உங்க பையன் உங்ககிட்ட வர்றானா? அதுக்கு அவரு அன்பு வெச்சா துக்கமும் உண்டு, அதுதான் ஒப்பந்தம்னு எழுதிட்டு, பையன் என்கூட பேசறான், எனக்கு வழி காட்டறான், ஆனா அவன் அங்க இல்லாமலும் இருக்கலாம்னு சொல்றாரு. அந்த கடைசித் துண்டுதான் என்னைப் பிடிச்சு உக்கார வெச்சுச்சு. நம்ம வீட்டுல சாவு விழுந்தா ஆறுதல் சொல்ல வர்றவங்க எல்லாரும் உறுதியா பேசுவாங்க, எங்கயும் போகலை உன்கூடதான் இருக்காருன்னு. இவரு இருக்கான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. எங்க அப்பா இறந்த வருஷம் நான் அதை எத்தனை தடவை திறந்து படிச்சேன்னு கணக்கு இல்லை.

எல்லாமே அந்த உயரத்துல இருக்காது, அதையும் சொல்லணும். சில வாரம் பிரசங்கம் மாதிரி போயிடும். 2023 ஜனவரியில ஒரு வாசகர் சாட்ஜிபிடியை வெச்சு நிக் கேவ் பாணியில ஒரு பாட்டு எழுத வெச்சு அனுப்பினாரு, இவரு கடுப்பாகி, பாட்டு வேதனையில இருந்து பிறக்கறது, டேட்டாவுக்கு வேதனை தெரியாது, இது மனுஷனா இருக்கறதையே கேலி பண்றதுன்னு பொரிஞ்சு தள்ளிட்டாரு. அது உலகம் முழுக்க ஓடுச்சு. எனக்கு அதைவிட, கல்யாணம் பண்ணிக்கலாமா, பயமா இருக்கு பாட வரலைங்கற மாதிரி சின்ன கேள்விக்கு அவரு எழுதற கால் பக்கம்தான் பெருசு.

லட்சம் பேருக்கு எழுதி ஒருத்தருக்கு எழுதின மாதிரி தோண வைக்கறது நமக்கு ஒண்ணும் புதுசு கிடையாது. அண்ணா "தம்பி"ன்னு ஆரம்பிச்சு பத்திரிகையில கடிதம் எழுதினாரு, கலைஞர் "உடன்பிறப்பே"ன்னு முரசொலியில ஆயிரக்கணக்குல எழுதினாரு. எங்க பெரியப்பா டீக்கடையில அதை சத்தமா படிச்சுட்டு "பாத்தியா, என்கிட்ட கேட்டிருக்காரு"ன்னு சீரியஸாவே சொல்லுவாரு. அது கூட்டத்துல உக்காந்து கேக்கற கடிதம். மெயில் தனியா படிக்கறது, அதுவும் சம்பள ஸ்லிப்புக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவுல, உங்க அக்கா அனுப்பின ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்துல வந்து உக்கார்றது. இடமே பாதி வேலையைப் பண்ணிடுது.

மத்ததெல்லாம் சுருக்கமா. ஹெதர் காக்ஸ் ரிச்சர்ட்சன், அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர், 2019ல இருந்து அன்னன்னிக்கு அரசியலை பழைய வரலாறோட முடிச்சுப் போட்டு ராத்திரி ராத்திரி எழுதறாங்க. சத்தியமா சொல்றேன், அவங்க நாட்டு அரசியல் எனக்குப் பாதி புரியாது. நான் காத்திருக்கறது, சில நாள் முடியலை, தூங்கப் போறேன்னு ஒரு கடல் ஃபோட்டோ மட்டும் போட்டு அனுப்புவாங்களே, அதுக்குத்தான். மரியா பப்போவாவோட தி மார்ஜினாலியன், 2006ல கூட வேலை பாத்த 7 பேருக்கு அனுப்பின மெயிலா ஆரம்பிச்சது, 2021 வரைக்கும் ப்ரெய்ன் பிக்கிங்ஸ்னு பேர். அழகா இருக்கும், ஆனா எனக்கு மூச்சு முட்டும், ஒரு மெயில்லயே நாலு ஞானியைக் கூட்டிட்டு வந்துடுவாங்க. மாசத்துக்கு ஒண்ணு படிச்சா போதும்.

தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன். மெயிலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு புள்ளி அளவு படம் வெச்சிருப்போம், நீங்க திறந்தா அந்தப் படம் எங்க சர்வர்ல இருந்து லோடாகும், திறந்தது எங்களுக்குத் தெரிஞ்சுடும், எத்தனை மணிக்குன்னுகூட. 2021ல ஆப்பிள், அவங்க மெயில் ஆப்ல அந்தப் படங்களை தானே முன்கூட்டி எடுத்து வெச்சுக்கற வசதி கொண்டு வந்தப்புறம் அந்தக் கணக்கு பாழாப் போச்சு, எங்க ஆபீஸ்ல ஒரு வாரம் துக்கம். அந்தப் புள்ளியைப் பாத்து எழுதறவங்க தலைப்பை மட்டும்தான் மெருகேத்துவாங்க, திறக்க வெச்சா போதும்ல. உள்ள இருக்கற எழுத்துல அக்கறை இருக்கற ஆள் யாருன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரே வழிதான், பதில் போட்டா அது போய்ச் சேருமா.

ஒரு குட்டி நியூஸ்லெட்டர் இருக்கு, பேர் வேணாம், 300 பேர் படிச்சா அதிகம். முதல்ல டைனிலெட்டர்ல நடத்தினாங்க, அது 5,000 பேர் வரைக்கும் இலவசமா விட்ட எளிமையான சர்வீஸ், 2024 பிப்ரவரி 29ஓட மூடிட்டாங்க, அப்புறம் வேற இடத்துக்கு மாறினாங்க. ஒரு தடவை பழைய தையல் மெஷினுக்கு பெல்ட் மாத்தின கதையை எழுதியிருந்தாங்க. எங்க அம்மா பெல்ட் லூஸானா அறுத்து, ஓட்டை போட்டு, கம்பி கொக்கி மாட்டி இறுக்குவாங்கன்னு நான் பதில் போட்டேன். மூணு வாரம் கழிச்சு ரெண்டு வரி வந்துச்சு: "கொக்கி வேலை செய்கிறது. அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள்." அம்மாகிட்ட காட்டினேன், "யாருடா இது?"ன்னாங்க, எனக்கும் தெரியலை. அப்புறம் நாலு மாசம் அந்த நியூஸ்லெட்டர் வரவே இல்லை. வந்தப்ப முதல் வரியில வீட்டுல உடம்பு சரியில்லைன்னு மட்டும் இருந்துச்சு, அடுத்த வரியிலேயே பட்டன் தைக்கற விஷயத்துக்குப் போயிட்டாங்க. வாரம் தவறாம வர்றதுதான் நம்பிக்கைன்னு நாங்க கிளையண்ட்டுக்கு பாடம் எடுப்போம். அந்த நாலு மாசத்துல நான் அவங்களைப் பத்தி யோசிச்ச அளவுக்கு, தவறாம வந்த எதைப் பத்தியும் யோசிச்சதில்லை.

ஆரம்பிக்கறவங்களுக்கு, முதல்ல வீட்டைப் பெருக்குங்க. 2024ல இருந்து பெரிய அளவுல விளம்பர மெயில் அனுப்பறவங்க ஒரே கிளிக்ல விலக வழி வைக்கணும்னு கூகுளும் யாஹூவும் கட்டாயம் பண்ணிட்டாங்க, ஜிமெயில்ல அனுப்பினவர் பேருக்குப் பக்கத்துலயே அந்த பட்டன் இருக்கும், நாங்க அடியில சாம்பல் கலர்ல பொடியா ஒளிச்சு வெச்ச லிங்க்கைத் தேட வேண்டியதில்லை. ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா நூறு நூத்தம்பது கழிஞ்சுடும். அப்புறம் பிடிச்சது ஜிமெயிலோட ப்ரமோஷன்ஸ் டேப்ல போய் விழுந்துச்சுன்னா இழுத்து ப்ரைமரியில போடுங்க, ஒரு தடவை பண்ணினா அடுத்து பெரும்பாலும் தானா வரும். விடாம படிக்கறதுன்னு ஒரே நேரத்துல அஞ்சுக்கு மேல வெச்சுக்காதீங்க, என்கிட்ட அப்படி இப்ப நாலுதான்.

ஒண்ணே ஒண்ணு சொல்லுன்னு கேட்டா ரெட் ஹேண்ட் ஃபைல்ஸ். ஆனா காலையில பஸ்ல திறக்காதீங்க. நான் ஒரு தடவை திறந்து, பக்கத்து சீட்டு அம்மா "என்னப்பா, வேலை போயிடுச்சா?"ன்னு கேட்டு தண்ணி பாட்டிலை நீட்டினாங்க.